மேரி பார்க்கரின் வம்சமா? முதலில், எந்த மேரி பார்க்கர்?

கேட்டவர் சொன்ன விவரம் இது. மகன் அமெரிக்காவில் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறார். 1692-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்தில் சூனியக்காரி என்று தூக்கிலிடப்பட்ட மேரி பார்க்கர், மருமகளின் தாய்வழியில் தங்கள் மூதாட்டி என்று சம்பந்தி வீட்டார் சொல்கிறார்கள். இணையத்தில் யாரோ போட்டுவைத்த குடும்ப மரமும் அதையே காட்டுகிறது. பேரனுக்காகக் குடும்ப வரலாறு எழுதிக்கொண்டிருக்கிறேன், இதை நம்பிச் சேர்க்கலாமா என்பது கேள்வி.

சேர்க்கலாம். ஆனால் இப்போதைக்கு 'வீட்டில் சொல்லிக் கேட்டது' என்ற அளவில் மட்டும். இவ்வளவு தயக்கம் எதற்கு என்றால், மேரி பார்க்கரே 1692 செப்டம்பர் 2 அன்று விசாரணையில் சொன்ன பதிலைப் படிக்க வேண்டும். சாத்தானின் வலையில் எவ்வளவு காலமாக இருக்கிறாய் என்று நீதிபதிகள் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது, ஆண்டோவரில் (சேலத்துக்கு அருகே அவர் குடியிருந்த ஊர்) இதே பெயரில் வேறொரு பெண் இருக்கிறாள் என்றார் அவர். குற்றம் சாட்டியவர்களில் ஒருத்தியான மார்த்தா ஸ்ப்ரேக், என்னை வதைத்தவள் இவளேதான் என்று சாதித்தாள். இருபது நாள் கழித்து, செப்டம்பர் 22 அன்று, மேரியைத் தூக்கிலிட்டார்கள்.

அவர் சொன்னது தப்பிக்கச் சொன்ன சாக்கு இல்லை. நியூபரியிலிருந்து ஆண்டோவருக்குக் குடிவந்த பார்க்கர் சகோதரர்கள் இருவர்: நேதன், ஜோசப். நேதனின் மனைவி மேரி, பிறந்த வீட்டுப் பெயர் ஏயர். ஜோசப்பின் மனைவியும் மேரிதான், பிறந்த வீட்டுப் பெயர் ஸ்டீவன்ஸ். 1692-ல் இரண்டு பேருமே கைம்பெண்கள். அடுத்த தலைமுறையிலும் மருமகளாக வந்த ஒரு மேரி உண்டு. தூக்கிலிடப்பட்டவர் நேதனின் மனைவி என்பதை எப்படி உறுதியாகச் சொல்கிறோம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதே நாளில் தூக்கிலிடப்பட்ட எட்டுப் பேரில் இன்னொரு பார்க்கரும் இருக்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் ஆலிஸ் பார்க்கர், சேலம் நகரத்து மாலுமி ஒருவரின் மனைவி. அன்றைக்கு நீதிமன்றத்தில் கிளம்பிய 'எந்த மேரி' என்ற கேள்விதான் இன்று உங்கள் கையில் இருக்கும் குடும்ப மரத்தின் ஒவ்வொரு கிளையிலும் உட்கார்ந்திருக்கிறது.

நம் பத்திரிகைகளில் இந்தக் கதை வரும்போதெல்லாம் சூனியக்காரிகளை உயிரோடு கொளுத்தினார்கள் என்று எழுதிவிடுகிறார்கள். சேலத்தில் யாரையும் கொளுத்தவில்லை. இங்கிலாந்துச் சட்டப்படி சூனியத்துக்குத் தண்டனை தூக்கு. 14 பெண்கள், 5 ஆண்கள், மொத்தம் 19 பேர் தூக்கில் இறந்தார்கள். ஜைல்ஸ் கோரி என்ற முதியவர் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல மறுத்ததால் உடம்பின் மேல் கற்களை ஏற்றி நசுக்கப்பட்டார். குறைந்தது ஐந்து பேர் சிறையிலேயே இறந்தார்கள். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 150 பேருக்கும் மேல். ஆக, பெரும்பாலோர் பிழைத்து வீடு திரும்பினார்கள். சேலத்தில் வினோதமான நடைமுறை ஒன்று இருந்தது: நான் சூனியக்காரிதான் என்று ஒப்புக்கொண்டவர்களைத் தூக்கிலிடவில்லை, மறுத்தவர்களைத்தான் தூக்கிலிட்டார்கள். ஆண்டோவரில் ஒப்புக்கொண்டவர்கள் மிக அதிகம். சேலத்தை விட அந்த ஊரில்தான் அதிகம் பேர் மாட்டினார்கள்.

வம்சம் தேடுகிறவருக்கு இது முக்கியம். 'தூக்கிலிடப்பட்டவரின் வம்சம்' என்று வீட்டில் சொல்லிவந்த கதை, தேடிப் பார்த்தால் 'சிறையிருந்து திரும்பியவரின் வம்சம்' என்று முடிவது சகஜம். காலம் போகப் போக, கதை பெரிய பெயரை நோக்கி நகர்ந்துவிடுகிறது. தூக்கிலிடப்பட்ட ரெபேக்கா நர்ஸ், ஜான் ப்ராக்டர் போன்ற பெயர்களை எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஐந்து மாதம் சிறையில் கிடந்து, சிறைக் கட்டணம் கட்டி வெளியே வந்த பெண்ணை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்?

இன்னொரு கணக்கு. 1692-லிருந்து இன்று வாழும் பெரியவர்கள் வரை சுமாராகப் பத்துத் தலைமுறை. ஒருவருக்கு அந்தத் தலைமுறையில் 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. சின்னச் சின்ன ஊர்களில் அத்தை மகன், மாமன் மகள் என்று கொண்டும் கொடுத்தும் வாழ்ந்ததால், ஒரே ஆள் பல இடங்களில் வருவார். மருமகளின் குடும்பத்துக்குச் சேலமும் ஆண்டோவரும் அடங்கிய எசெக்ஸ் வட்டாரத்துப் பழைய வேர் உண்மையிலேயே இருந்தால், குற்றம் சாட்டப்பட்ட யாரோ ஒருவர் அந்த 1,024 இடங்களில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. குற்றம் சாட்டியவரும் இருப்பார், சாட்சி சொன்னவரும் இருப்பார். இது தெரிந்தால் சம்பந்தி வீட்டார் சங்கடப்படலாம்.

இனி தேடும் முறை. மேரி பார்க்கரிலிருந்து கீழே இறங்கி வராதீர்கள். மேலே பிரபலமான பெயர், கீழே மருமகள், நடுவில் எப்படியாவது பாலம் கட்ட வேண்டும் என்று தொடங்கினால் பாலம் கட்டிவிடுவீர்கள். இணையத்தில் இருக்கும் மரங்களில் பாதி அப்படிக் கட்டியவை. மருமகளிலிருந்து மேலே ஏறுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரே கேள்வி: இன்னார் இன்னாரின் பிள்ளை என்று அந்தக் காலத்துக் காகிதம் எது சொல்கிறது? இன்னொரு மரத்தைப் பார்த்து எழுதிய மரம் காகிதம் ஆகாது. ஐம்பது மரங்கள் ஒரே மாதிரிச் சொன்னாலும், ஐம்பதும் ஒன்றிலிருந்து நகல் எடுத்தவையாக இருக்கும்.

1850 வரை ஏறுவது பெரிய கஷ்டமில்லை. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை 72 வருஷம் கழித்துத்தான் பொதுப் பார்வைக்குத் திறப்பார்கள். 1950 வரை இப்போது திறந்திருக்கிறது. 1880-லிருந்து குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்ற பத்தி உண்டு. 1850-லிருந்து வீட்டில் உள்ள எல்லார் பெயரும் உண்டு. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். 1790-ல் நடந்த முதல் கணக்கெடுப்பிலிருந்து 1840 வரை நிலைமை வேறு: குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும், மற்றவர்கள் வெறும் தலைக்கணக்கு. மனைவியும் மகளும் அந்த எண்களுக்குள் காணாமல் போய்விடுவார்கள்.

மரங்கள் முறிவது இங்கேதான், 1750-க்கும் 1850-க்கும் நடுவில். 1692-ல் முறிவதில்லை. சூனிய வழக்கு நடந்த வருஷத்தில் ஆளாளுக்கு வாக்குமூலம், பிடியாணை, மனு என்று காகிதம் குவிந்து கிடக்கிறது. நூறு வருஷம் கழித்து அந்த வம்சத்துப் பேரன் பிழைப்புக்காக நியூ ஹாம்ப்ஷயருக்கோ, வெர்மான்ட்டுக்கோ, நியூயார்க்கின் மேற்குப் பகுதிக்கோ வண்டி கட்டிப் போனான் பாருங்கள், அவனைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் போகலாம். போன ஊரில் பிறப்புப் பதிவு வைத்திருக்க மாட்டார்கள். கிளம்பிய ஊரில் 'எங்கே போனான்' என்று எழுதியிருக்க மாட்டார்கள். அங்கே ஒரு ஜான் பார்க்கர், இங்கே ஒரு ஜான் பார்க்கர், வயதும் ஏறக்குறையப் பொருந்துகிறது என்று இரண்டையும் ஒட்டிவிடுவார்கள்.

பார்க்கர் என்ற பெயரில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆண்டோவர் பார்க்கர்கள் ஒரு குடும்பம். ரெடிங் ஊரில் தாமஸ் பார்க்கரின் வம்சம் தனி. 1775-ல் லெக்சிங்டனில் பிரிட்டிஷ் படையை எதிர்த்து நின்ற கேப்டன் ஜான் பார்க்கர் அந்த வழி. செம்ஸ்ஃபோர்டு, க்ரோட்டன் பக்கம் இருந்த பார்க்கர்கள் வேறு. எல்லாம் அதிகத் தூரமில்லாத ஊர்கள், எல்லாவற்றிலும் ஜான், ஜோசப், பீட்டர்.

நடுவில் இருக்கும் அந்த நூறு வருஷத்துக்கு எனக்குத் தெரிந்து கைகொடுப்பவை மூன்று. முதலாவது உயிலும் சொத்துப் பிரிவினைக் காகிதமும். மகள்களைக் கல்யாணமான பெயரோடு எழுதுவார்கள். மருமகன் பெயரும் வரும். தாய்வழி தேடுகிற உங்களுக்கு இதுதான் முதல் துணை. இரண்டாவது நிலப் பத்திரம். அப்பா இறந்தபின் வாரிசுகள் எல்லாரும் சேர்ந்து பங்கை விற்கும்போது, வெர்மான்ட்டுக்குப் போன மகனும் தான் இப்போது குடியிருக்கும் ஊரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருப்பான். அந்த ஒரு வரி, இரண்டு ஊர் ஜான்களும் ஒரே ஆள் என்று நிரூபித்துவிடும். மூன்றாவது, அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்டவர்களின் ஓய்வூதிய மனுக்கள். 1836-க்குப் பிறகு கைம்பெண்களும் கேட்கத் தொடங்கினார்கள். கல்யாணத்தை நிரூபிக்க, பிள்ளைகள் பிறந்த தேதி எழுதிய குடும்ப பைபிளின் பக்கத்தையே கிழித்து இணைத்து அனுப்பியவர்கள் உண்டு. அரசாங்கக் கோப்பில் அந்தப் பக்கங்கள் இன்னும் இருக்கின்றன.

மாசசூசெட்ஸ் ஊர்கள் பலவற்றின் 1850 வரையான பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளைப் புத்தகமாகவே அச்சடித்துவிட்டார்கள், ஆண்டோவர் உட்பட. பாஸ்டனில் 1845-ல் தொடங்கிய நியூ இங்கிலாந்து வம்சாவளிச் சங்கத்தின் நூலகமும் தரவுத்தளமும் இதற்கென்றே இருப்பவை. தேடும்போது ஊர் எல்லை மாறியதை மறக்காதீர்கள். விவகாரம் தொடங்கிய சேலம் கிராமம் 1752-ல் பிரிந்து டேன்வர்ஸ் ஆகிவிட்டது. பழைய ஆண்டோவரின் மையப் பகுதி 1855 முதல் வடக்கு ஆண்டோவர். மெய்ன் மாநிலம் 1820 வரை மாசசூசெட்ஸோடு சேர்ந்திருந்தது. தப்பிப் பிழைத்த குடும்பங்கள் ஊரைவிட்டே போனதும் உண்டு. ரெபேக்கா நர்ஸின் தங்கை சாரா க்ளாய்ஸின் குடும்பம் ஃப்ரேமிங்காமுக்குப் போய்க் குடியேறியது. அங்கே அவர்கள் குடியேறிய பகுதியின் சாலைக்கு இன்றும் சேலம் எண்ட் என்றுதான் பெயர். மார்த்தா கேரியரைத் தூக்கில் பறிகொடுத்த கணவர், பிள்ளைகளோடு கனெக்டிகட்டின் கோல்செஸ்டருக்குப் போய்விட்டார். மூதாதையரை எசெக்ஸில் மட்டும் தேடினால் இவர்கள் கிடைக்கமாட்டார்கள்.

சரி, 1692 வரை ஏறிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏறிய வழி ஆண்டோவரின் ஜான் பார்க்கரிடமோ ஜோசப் பார்க்கரிடமோ போய் நிற்கிறது. அந்த ஜோசப் நேதனின் மகனா, அல்லது அண்ணன் தம்பி முறையில் இன்னொரு வீட்டில் இருந்த ஜோசப்பா? இங்கே வழக்குக் காகிதமே உதவிக்கு வருகிறது. மேரியைத் தூக்கிலிட்ட பிறகு ஷெரீஃபின் ஆள் வந்து, உங்கள் அம்மாவின் சொத்தைப் பறிமுதல் செய்கிறேன் என்று நின்றார். அம்மா பெயரில் சொத்தே இல்லை என்று சொல்லியும் விடவில்லை. தானியத்தையும் மாடுகளையும் கேட்டார். இதை எதிர்த்து 1692 நவம்பரில் ஆளுநருக்கு மனு எழுதியவர்கள் ஜான் பார்க்கர், ஜோசப் பார்க்கர் என்ற இரண்டு மகன்கள். 1710-ல் இழப்பீடு கேட்டுத் திரும்பவும் எழுதினார்கள். தூக்கிலிடப்பட்ட மேரி யாருடைய தாய் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை. 1685-ல் இறந்த நேதனின் சொத்துக் காகிதத்தோடு இந்த மனுக்களை வைத்துப் படித்தால் இரண்டு மேரிகளும் தனித்தனியே பிரிந்துவிடுவார்கள்.

1710-ல் நடந்த அந்த இழப்பீட்டு விசாரணைக் காகிதங்களை, மேரி பார்க்கர் மட்டுமல்ல, எந்தப் பெயரைத் தேடுகிறவரும் முதலில் படிக்க வேண்டும் என்பேன். சிறைக் கட்டணம் இவ்வளவு, சாப்பாடு கொண்டுபோன செலவு இவ்வளவு என்று பிள்ளைகளும் கணவர்களும் கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வில்லியம் குட் என்பவரின் மனு மிகச் சின்னது. மனைவி தூக்கில் போனார், கைக்குழந்தை சிறையில் இறந்தது, நாலைந்து வயது மகள் ஏழெட்டு மாதம் சிறையில் சங்கிலியில் கிடந்து புத்தி பேதலித்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறார். வம்சாவளி தேடப் போனவர்கள் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிடுவார்கள். இந்த மூலக் காகிதங்களின் படங்களையும் எழுத்துப் பெயர்ப்பையும் வர்ஜீனியா பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

1711 அக்டோபரில் நிறைவேறிய சட்டம் 22 பேரின் பழியை நீக்கியது. மேரி பார்க்கர் பெயர் அதில் இருக்கிறது, ஆலிஸ் பார்க்கர் பெயர் இல்லை. பெரும்பாலும், கேட்க ஆள் இருந்தவர்களுக்குத்தான் கிடைத்தது. ஆலிஸ் உட்பட ஐந்து பெண்களின் பெயரைச் சட்டத்தில் சேர்க்க 2001 வரை ஆனது. அப்போதும் ஒருவர் விட்டுப்போனார்: ஆண்டோவரின் எலிசபெத் ஜான்சன், இளையவர். தண்டனை விதிக்கப்பட்டுத் தூக்கு நிறுத்திவைக்கப்பட்டவர். கல்யாணமாகவில்லை, பிள்ளைகள் இல்லை, அதனால் பின்னால் வந்து மன்றாட வம்சமும் இல்லை. தாயாரின் பெயரும் எலிசபெத் ஜான்சன், அவரும் குற்றம் சாட்டப்பட்டவர். வடக்கு ஆண்டோவரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் அவர்கள் ஆசிரியையும் முயன்று, 2022 ஜூலையில்தான் இளைய எலிசபெத்தின் பழி நீங்கியது.

'இளையவர்' என்று எழுதியிருந்தால் மகன், மகள் என்று அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைய பதிவில் ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் வயதில் மூத்தவர் 'மூத்தவர்', மற்றவர் 'இளையவர்'. சித்தப்பா மகனாகவும் இருக்கலாம், உறவே இல்லாதவராகவும் இருக்கலாம். மூத்தவர் இறந்ததும் இளையவர் மூத்தவராகிவிடுவார். தேதியிலும் கவனம் வேண்டும். 1752 வரை அங்கே புது வருஷம் மார்ச் 25-ல் பிறந்தது. 1692 பிப்ரவரியில் நடந்ததை 1691 என்றோ 1691/92 என்றோ எழுதியிருப்பார்கள். தாய் இறந்து ஒரு வருஷம் கழித்துப் பிள்ளை பிறந்ததாகக் காட்டும் மரங்களில் சில இதனால் வந்த கோளாறு. மற்றவை வெறும் கோளாறு.

பெயர்க் குழப்பம் பார்க்கர்களோடு நிற்கவில்லை. முதலில் தூக்கிலிடப்பட்ட பிரிட்ஜெட் பிஷப், சிவப்புச் சட்டை போட்டுச் சாராயக் கடை நடத்தியவர் என்று பல தலைமுறை எழுதிவந்தார்கள். 1981-ல் வம்சாவளி ஆய்வாளர் ஒருவர் காகிதங்களைப் பிரித்துப் பார்த்து, சேலம் நகரத்து பிரிட்ஜெட்டையும் கிராமத்தில் கடை நடத்திய சாரா பிஷப்பையும் ஒரே ஆளாக்கிவிட்டார்கள் என்று காட்டினார். 1651-ல் ஸ்ப்ரிங்ஃபீல்டில் குற்றம் சாட்டப்பட்ட மேரி பார்சன்ஸ் வேறு, 1675-ல் விடுதலையான நார்த்தாம்ப்டன் மேரி பார்சன்ஸ் வேறு. இருவரையும் ஒட்டிவைத்த மரங்கள் இன்றும் சுற்றுகின்றன. கனெக்டிகட்டில் இந்தத் தூக்குகள் சேலத்துக்கு 45 வருஷம் முன்பே தொடங்கிவிட்டன. 1647-ல் ஹார்ட்ஃபோர்டில் ஆல்ஸ் யங். வின்ட்சர் ஊர் எழுத்தர் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்த ஒரு வரி இல்லாவிட்டால் அவர் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது. அங்கே தண்டிக்கப்பட்டவர்களுக்கு 2023-ல் பழிநீக்கத் தீர்மானம் நிறைவேறியது. அதற்கு முன்னின்றவர்களில் வம்சாவளி தேடித் தங்கள் மூதாட்டியைக் கண்டுபிடித்தவர்களும் இருந்தார்கள்.

மரபணு சோதனை செய்தால் தெரிந்துவிடாதா என்று அடுத்து கேட்பீர்கள். எச்சில் அனுப்பும் சாதாரணச் சோதனை இதற்கு உதவாது. பத்துத் தலைமுறைக்கு முந்தைய ஒருவரிடமிருந்து சராசரியாக ஆயிரத்தில் ஒரு பங்குதான் வரும், ஒன்றுமே வராமல் போகவும் வாய்ப்பு அதிகம். மேரியின் மரபணு யாரிடமும் இல்லை, ஒப்பிடவும் முடியாது. ஆண்வழி ஒய் குரோமோசோம் சோதனை மட்டும் ஓரளவு பயன்படும். குடும்பத்தில் பார்க்கர் பெயரோடு ஆண்வழியில் வந்த மாமா யாராவது இருந்தால், அவர் ஆண்டோவர் பார்க்கரா ரெடிங் பார்க்கரா என்று பிரித்துச் சொல்லக்கூடும். நேதனா ஜோசப்பா என்று சொல்லாது. சகோதரர்கள் இருவருக்கும் அது ஒன்றுதான்.

இந்த விவகாரத்தில் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. சேலம் என்ற பெயரை வைத்துச் சொல்லவில்லை. 1692-ல் சேலம் தேவாலயத்தின் மூத்த போதகர் ஜான் ஹிகின்சன். அவருடைய மகள் ஆன் டாலிவர், கணவன் கைவிட்டதால் மனம் குலைந்து அப்பா வீட்டோடு இருந்தவர், அந்த ஜூன் மாதம் சூனியக் குற்றச்சாட்டில் விசாரிக்கப்பட்டார். அண்ணன் ஜான் உள்ளூர் நீதிபதி. இன்னொரு சகோதரர் நதானியேல் ஹிகின்சன், மதராஸ் மாநகராட்சியின் முதல் மேயர். சகோதரி விசாரிக்கப்பட்ட அதே வருஷம் அக்டோபரில், பாஸ்டனில் பிறந்த எலிஹு யேலுக்கு அடுத்ததாக, புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர் ஆனார். சேலத்திலிருந்து அப்பாவும் அண்ணனும் மதராஸுக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் கிடைக்கின்றன. ஆன் தூக்கிலிடப்படவில்லை. அதனால் எந்தப் பட்டியலிலும் பெரிதாக இல்லை. அவர் வம்சத்தில் வந்தவர்கள் டாலிவர் என்ற பெயரைத் தேடினால்தான் கிடைப்பார்.

உங்கள் புத்தகத்துக்கு வருவோம். மருமகளின் பாட்டி கல்யாணப் பதிவிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் அதில் பெற்றோர் பெயரும், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். அங்கிருந்து ஒவ்வொரு படிக்கும் ஒரு தாள் வைத்து, ஆதாரம் இல்லாத படியில் வெற்றுத் தாளே வையுங்கள். 'இந்த இடத்தில் 1790 முதல் 1810 வரை காகிதம் கிடைக்கவில்லை' என்று எழுதுவதில் அவமானம் இல்லை. பேரன் பெரியவனாகிக் கண்டுபிடிக்கட்டும். கடைசியில் வழி ஜோசப் வீட்டு மேரியிடம் போய் முடிந்தாலும் விட்டுவிடாதீர்கள். விசாரணையில் 'இன்னொரு பெண்' என்று சுட்டப்பட்டது அவராக இருக்கலாம், அவருடைய ஓரகத்திதான் தூக்கிலிடப்பட்டார் என்று எழுதலாம். சம்பந்தி அம்மாவிடம் வீட்டில் பழைய பைபிள் ஏதும் இருக்கிறதா என்று மட்டும் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். வீடு மாற்றும்போது முதலில் தொலைவது அதுதான்.